ஒரு தேடலின் விடை, மறு தேடலின் வினா

சென்ற பருவத்தில் எங்கள் விடுதியின் கணிப்பொறி அறையில் உதவியாளனாக இருந்தேன். ஓர் இரவு, யாரோ கடவுச்சொற்களை மாற்றி மாற்றி இட்டு உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று தெரிய வந்தது. கணிப்பொறி தன்னிடம் நடப்பவற்றை வரிவரியாக எழுதி வைக்கும் ஏட்டை லாக் என்பார்கள். அதில் தோல்வியுற்ற முயற்சிகளைத் தேடினேன். முயன்ற முகவரிகள் கிடைத்தன. ஆனால் நான் அறிய விரும்பியது அதுவன்று. அந்த முகவரிகளிலிருந்து எவரேனும் உள்ளேயும் வந்துவிட்டனரா? முதல் தேடலின் விடையையே இரண்டாம் தேடலுக்குக் கொடுத்தாலன்றி இது விளங்காது.

தோட்டத்துக் குழாய்களைப் போல நிரல்களையும் ஒன்றோடொன்று பூட்ட வழி வேண்டும் என்று டக் மக்கில்ராய் 1964இல் எழுதினார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் அமைத்துக் கொடுத்தார். யூனிக்ஸின் தேடுநிரல் கிரெப். சிறிய 'எப்' என்னும் குறியோடு ஒரு பட்டியலை அதனிடம் நீட்டினால், பட்டியலில் உள்ள எதைக் கொண்ட வரியையும் எடுத்துத் தரும்.

நீட்டினேன். நுழைவு ஏற்கப்பட்ட மூன்று கணக்குகள் வந்தன. ஒன்று பக்கத்து அறை வங்காள நண்பருடையது! நள்ளிரவில் அவரை எழுப்பிக் கேட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

பிழை என்னுடையதே. பட்டியலில் இருந்தது 10.4.1.2, நண்பருடையது 10.4.1.23. முன்னது பின்னதற்குள் அப்படியே அடங்கிவிடுகிறது அல்லவா? போதாக்குறைக்கு, கிரெப்புக்குப் புள்ளி என்றால் புள்ளியன்று, ஏதேனும் ஓர் எழுத்து என்று பொருள். ஆகவே 10.4.132.7 கூட அகப்படும். பட்டியலில் ஒரு வெற்று வரி தங்கிவிட்டாலோ லாக் முழுவதுமே வந்து நிற்கும்!

பெரிய 'எப்' இட்டால் புள்ளி புள்ளியாகவே கொள்ளப்படும்; (ஒரே எழுத்துக்குச் சிறிதில் ஒரு வேலை, பெரிதில் ஒரு வேலை வைத்தவரை நான் மன்னிக்கவில்லை.) 'டபிள்யூ' இட்டால் முழுச் சொல்லாகப் பொருந்துவதே ஏற்கப்படும். இரண்டையும் இட்டு மறுபடி தேடினேன். நண்பர் பெயர் வரவில்லை.

நிற்க. ஸ்பிளங்க் போன்ற பெரிய கருவிகளில் உள்தேடலைச் சதுர அடைப்புக்குள் எழுதலாம். அங்கே ஆபத்து நேர்மாறானது. அமைப்பை மாற்றாவிடில் உள்தேடல் 10,000 விடைகளோடு, அல்லது 60 விநாடிகளோடு நின்றுவிடும். எஞ்சியவை வெளித்தேடலை எட்டுவதே இல்லை. குற்றமற்றவர் சிக்குவது போய், குற்றவாளி தப்புவார்.

மற்ற இரு கணக்குகளின் கடவுச்சொற்களை அன்றிரவே மாற்றச் செய்தேன். நண்பரிடம் மன்னிப்புக் கேட்கக் காலைத் தேநீர் வரை காத்திருந்தேன்.