ஆவிக்குமிழியின் பிறப்பும் அழிவும்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றையொட்டி அமைந்த நிபோங் திபால், இன்று செம்பனை சூழ்ந்த ஊர். செம்பனைக்கு முன் ரப்பர். ரப்பருக்கும் முன் இவ்வட்டாரம் முழுதும் கரும்பு. கலிடோனியா, பைராம், விக்டோரியா என இன்றும் வழங்கும் தோட்டப் பெயர்கள் அக் கரும்புக் காலத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மலாயா வந்தவர்கள் முதலில் பெருந்தொகையாக உழைத்தது இத்தகைய கரும்புத் தோட்டங்களிலேதான். மலாக்கா நீரிணைப் பகுதியில் கரும்பு பயிரிட்டவரான லியோனார்டு ரே, கீழ்நாட்டு முறைகளையும் மேற்கிந்தியத் தீவுகளின் முறைகளையும் ஒப்பிட்டு 1848-இல் கரும்புத் தொழில் பற்றி ஒரு நூலே எழுதினார்.

கரும்பாலையில் தலையாய வேலை காய்ச்சுதல். திறந்த கொப்பரையில் சாற்றைக் காய்ச்சினால், பாகு இறுக இறுகக் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி 110-க்கும் மேல் ஏறும். அந்தச் சூட்டில் சர்க்கரையின் ஒரு பகுதி சிதைந்து கறுத்துவிடும். நெருப்பைக் குறைத்தாலோ நீர் வற்றாது. இச் சிக்கலை அவிழ்த்தவர் எட்வர்டு சார்லஸ் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர். மூடிய கொப்பரையிலிருந்து காற்றையும் ஆவியையும் பம்பினால் வெளியேற்றிக் காய்ச்சும் முறைக்கு அவர் 1812, 1813 ஆகிய ஆண்டுகளில் பதிவுரிமை பெற்றார். அவ் வெற்றிடக் கொப்பரையில் பாகு 60, 70 டிகிரியிலேயே கொதித்தது. சர்க்கரையும் வெளுப்பாகக் கிடைத்தது.

குறைந்த சூட்டில் கொதிப்பது எங்ஙனம்? நீருக்குள் ஓர் ஆவிக்குமிழி நிலைபெற வேண்டுமானால், உள்ளிருக்கும் ஆவி வெளியிலிருந்து நெருக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சூடேற்றி ஆவியின் வலிமையைக் கூட்டுவது ஒரு வழி. அடுப்பங்கரையில் நிகழ்வது அதுவே. வெளியழுத்தத்தைக் குறைப்பது மற்றொரு வழி. அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கானால் நீர் 60 டிகிரியில் கொதிக்கும். இருபத்து நான்கில் ஒரு பங்கானால் 30 டிகிரியில், அதாவது கிரியான் ஆற்று நீரின் இயல்பான சூட்டிலேயே, கொதிக்கும். நெருப்பே வேண்டுவதில்லை.

தமிழாசிரியர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். மழைநீரில் தோன்றி மறையும் மொக்குளை யாக்கை நிலையாமைக்கு உவமையாக்கியது நாலடியார். அந்த மொக்குளினுள் இருப்பது காற்று. அதன் மெல்லிய நீர்த்தோல் உடைந்தவுடன் காற்று வெளியேறுகிறது, யாருக்கும் கேடில்லை. ஆவிக்குமிழியின் அழிவு வேறு. அது உடைவதில்லை, உள்ளே இருக்கும் ஆவி மீண்டும் நீராகிவிட, சுற்றியுள்ள நீர் நாற்புறமும் நின்று அவ் வெற்றிடத்தை நோக்கிப் பாய்கிறது. உலை கொதிக்குமுன் கேட்கும் இரைச்சல் இதனால் எழுவதே. பாத்திரத்தின் அடியில் பிறந்த குமிழிகள் மேலே சற்றுக் குளிர்ந்த நீரை அடைந்ததும் சுருங்கி மாய்கின்றன. நீர் முழுதும் சூடேறியபின் அவை மாயாமல் மேற்பரப்பை அடைவதால் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது.

உலையில் வெறும் ஓசையாக இருப்பது எந்திரத்தில் இழப்பாகிறது. 1890-களில் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டப்பட்ட 'டேரிங்' என்னும் விரைவுக் கப்பல், எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. சுழல்விசிறியின் இதழ்கள் மிக விரைந்து சுழலும்போது அவற்றின் ஒரு புறத்தில் அழுத்தம் வீழ்ந்து, குளிர்ந்த கடல்நீரே ஆவிக்குமிழிகளாகிவிட்டது. விசிறிக்கு நீரில் பிடிப்பில்லை. சார்லஸ் பார்சன்ஸின் 'டர்பினியா' கப்பலுக்கும் இதே கதி. 1895-இல் அவர் ஒரு சிறு நீர்த்தொட்டி அமைத்து, உள்ளிருந்த அழுத்தத்தைப் பம்பினால் குறைத்துக் குமிழிகளைக் கண்ணால் பார்த்து ஆராய்ந்தார். சர்க்கரைக் கொப்பரையில் ஹோவர்டு கையாண்ட உத்தியே இது! பின்னர் ஒரே விசிறிக்குப் பதில் ஒன்பது விசிறிகளைப் பொருத்த, 1897-இல் அக் கப்பல் மணிக்கு 34 கடல்மைல் வேகம் ஓடியது.

இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் 'கேவிட்டேஷன்'. குழி அல்லது வெற்றிடம் உண்டாதல் என்பது பொருள். பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. கேடு விளைவது குமிழியின் பிறப்பில் அன்று, அழிவில். விசிறி இதழ்கள் அரிக்கப்படுவதன் காரணத்தைத் தேடிய ரேலி பிரபு, 1917-இல் இதற்குக் கணக்கிட்டுக் காட்டினார். வெற்றிடக் குமிழி ஒன்று தன் ஆரத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும் வேளையில், அதன் அருகே நீரின் அழுத்தம் வெளியழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1260 மடங்காகும். உலோகத்தை ஒட்டி அழியும் குமிழி இன்னும் கொடிது. உலோகம் இருக்கும் பக்கத்திலிருந்து நீர் தாராளமாக வர இயலாது. எதிர்ப்பக்கத்து நீர் ஊசிபோல் குமிழியைத் துளைத்து உலோகத்தைத் தாக்கும். ஆயிரமாயிரம் தாக்குதலுக்குப் பின் வெண்கலமும் எஃகும் தேன்கூடுபோல் குழிவிழுகின்றன. அதைத் துரு என்று எண்ணி வண்ணம் பூசுவோர் உண்டு. வண்ணம் மறுபடியும் உதிர்வதுதான் மிச்சம்.

உயிர்களும் இவ்விசையை அறியும். வெப்பக் கடலோரங்களில் வாழும் ஒருவகை இறால், தன் பெரிய கொடுக்கைச் சடக்கென மூடி இரையைச் செயலிழக்கச் செய்கிறது. எழும் ஓசை கொடுக்கின் இரு பகுதிகளும் மோதுவதால் வருவது என்றே நெடுங்காலம் நம்பினர். கொடுக்கிலிருந்து பீறிடும் நீரில் பிறந்த குமிழி அழியும்போதே ஓசை எழுகிறது என்பதை மிஷல் வெர்ஸ்லூயிஸ் முதலியோர் 2000-இல் விரைவுப் படங்களால் மெய்ப்பித்தனர். அடுத்த ஆண்டில் அக் குமிழி அழியும் நொடியில் மங்கிய ஒளி தோன்றுவதும் கண்டறியப்பட்டது. உள்ளே ஏறும் சூடு 5,000 டிகிரிக்குக் குறையாதாம். நெருப்பில்லாமல் பிறந்த குமிழி, அழியும்போது இத்துணைச் சூட்டை எழுப்புகிறது.

வயலுக்கு நீர் இறைக்கும் பம்பிலும் இதனைக் கேட்கலாம். உள்ளே கூழாங்கல் உருள்வது போன்ற ஓசை எழுந்து, வரும் நீரும் குறைந்தால், கல் புகுந்துவிட்டதென்று பம்பைப் பிரித்துப் பார்ப்பர். கல் எதுவும் இராது. பம்பு நீர்மட்டத்துக்கு மிக உயரத்தில் இருந்தாலோ, உறிஞ்சு குழாய் நீண்டு குறுகியிருந்தாலோ, முனையிலுள்ள வலை அடைபட்டிருந்தாலோ, பம்பின் வாயில் அழுத்தம் வீழ்ந்து நீர் அங்கேயே கொதிக்கத் தொடங்கும். அவ்விடத்தில் பிறந்த குமிழிகள் உள்ளே சென்று அழுத்தம் மிகுந்த இடத்தில் மாயும் ஓசையே அது. வலையைத் துடைத்து, பம்பை நீர்மட்டத்தின் அருகே இறக்கி வைத்தால், பெரும்பாலும் ஓசை நின்றுவிடும்.