களப்பைத் தேடி வரும் குஞ்சுகள்

கலா ஓயா புத்தளம் களப்பில் சேரும் இந்த முகத்துவாரத்தில், கண்டல் வேரடியைக் கூர்ந்து பாருங்கள். ஒரே கூட்டமாகத் தெரியும் மீன் குஞ்சுகளில் பல இனங்கள் இருக்கக்கூடும். மணலைக் குஞ்சுகள் வெள்ளியாய் மினுங்கும். கரை சேரும் பால்மீன் குஞ்சின் நீளம் ஏறத்தாழ 1.5 சென்ரிமீற்றர்தான், உடல் கண்ணாடி போன்றது, முதலில் தெரிவது கண்களே. கொடுவாக் குஞ்சு மற்றக் குஞ்சுகளைத் தின்று வளரும். இவை களப்பில் பருத்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்புபவை.

விலாங்கின் பயணம் வியக்கவைப்பது. ஆழ்கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி, நன்னீரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, வாழ்நாளில் ஒரேயொரு முறை முட்டையிட மறுபடி ஆழ்கடலுக்கே போகும்.

நெருக்கமான கண்ணியுள்ள வலை இவற்றைப் பிரித்தறியாது. இறால் குஞ்சுக்காக இழுத்தாலும் இத்தனை இனமும் சேர்ந்தே ஏறும். வேண்டாதவற்றை உடனே, உயிரோடு, தண்ணீரில் விடுங்கள்.