ஒல்லாந்தர் காலக் கொழும்பில் ஓர் எபிரேய ஆசான்

மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளைக் குகைகளில் இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தைச் சேர்ந்தவை. அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீட்பதற்காக அம்மன்னன் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். 1753இல் அவர்களை ஏற்றிவந்தது ஒல்லாந்தக் கம்பனியின் கப்பலாகும். வணிகம் கெடாதிருக்குமாயின் எச்சமயத்துக்கும் கப்பல் விடக் கம்பனியார் தயங்கியதில்லை போலும்!

அதே கம்பனி கொழும்பில் கிறிஸ்தவ ஊழியரைப் பயிற்றுவிக்கும் குருத்துவக் கல்லூரி ஒன்றையும் நடத்தி வந்தது. அங்கு 1750களில் ஆசிரியராகப் பணியாற்றியவர்களுள் ஒருவர் லியோபோல்ட் இம்மானுவேல் ஜேக்கப் வான் டோர்ட். இவர் யூதராகப் பிறந்து கிறிஸ்தவராக மாறியவர்.

இத்தகையோர் ஐரோப்பாவில் ஒரு தனி மரபாகவே விளங்கினர். எபிரேய மொழி கற்க விரும்பிய கிறிஸ்தவ அறிஞர்களுக்கு மதம் மாறிய யூதர்களே பெரிதும் துணையாயினர். ஆனால், அவ்வறிவு எதற்குப் பயன்பட்டது என்பதே வினா. கொலோன் நகரில் வாழ்ந்த ஜொஹானஸ் ஃபெஃபர்கோர்ன், தாம் விட்டுவந்த சமூகத்தின் நூல்களைப் பறிமுதல் செய்ய 1509இல் பேரரசரிடம் ஆணை பெற்றார். அதனை எதிர்த்து வாதிட்ட ரொய்ஃலின், பிறப்பிலேயே கிறிஸ்தவர்! ரபி ஒருவரின் மகனான அன்ரோனியஸ் மார்கரீத்தா, யூத வழிபாட்டு முறைகளை விவரித்து 1530இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் செய்திகளை மார்ட்டின் லூதர் 1543இல் யூதருக்கு எதிரான தமது நூலில் எடுத்தாண்டார். உள்ளிருந்து வந்தவரின் சாட்சியம் என்பதனால் அதற்குக் கிட்டிய மதிப்பே அதன் தீங்கைப் பெருக்கியது.

மாறாக இத்தாலியரான இம்மானுவேல் திரெமெல்லியஸ், கேம்பிரிட்ஜிலும் ஹைடல்பர்க்கிலும் எபிரேயம் கற்பித்து, பழைய ஏற்பாட்டை லத்தீனில் பெயர்த்தார். பழித்தெழுதியவர்களினும் இவரையே நாம் உயர்வாக மதிக்கிறோம். மதம் மாறியவர் எவ்வழியை மேற்கொண்டாலும் இரு தரப்பின் ஐயமும் அவரைத் தொடர்ந்தது. பிறந்த சமூகம் துரோகி என்றது. புகுந்த சமூகமோ இரத்தத்தைச் சோதித்தது. ஸ்பெயினின் தொலேதோ நகரம், யூத வழிவந்த கிறிஸ்தவர்களைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கி 1449லேயே விதி செய்தது. தலைமுறைகள் கடந்தும் 'மாறியவர்' என்னும் முத்திரை அழியவில்லை. இதனைப் படிக்கையில் நம் ஊர்க் கதைகளும் சில நினைவுக்கு வரக்கூடும்.

வான் டோர்ட் இவ்விருவகையினருள் இரண்டாமவரின் பக்கம் நிற்பவர். கொச்சியிலிருந்த யூதரின் எபிரேய வரலாற்றுக் குறிப்பொன்றை அவர் டச்சு மொழியில் பெயர்த்தார். அதனினும் வியப்புக்குரியது, அவர் பெயரால் அறியப்படும் எபிரேயத் திருக்குர்ஆன். அது அரபு மூலத்திலிருந்து நேராகப் பெயர்க்கப்பட்டதன்று. அரபிலிருந்து பிரெஞ்சுக்கு 1647இல் து ரியேர் பெயர்த்ததைக் கிளாசமாக்கர் டச்சு மொழிக்குக் கொணர்ந்தார். அந்த டச்சு நூலிலிருந்தே எபிரேயப் பெயர்ப்பு உருவாயிற்று. மூன்று கைமாறிய பெயர்ப்பில் மூலம் எவ்வளவு எஞ்சும் என்பது மொழிபெயர்ப்பாளர் அறிந்ததே. யூதராய்ப் பிறந்த கிறிஸ்தவர் ஒருவர் முஸ்லிம்களின் வேதத்தை யூதரின் மொழிக்குக் கொண்டுசென்ற அந்த நூலின் கையெழுத்துப் பிரதி, இன்று வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது.