மின்குமிழடியில் விழுந்த கொம்பன்

மாரி தொடங்கி முதல் மழை மண்ணை நனைத்த இரவுகளில், திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையின் கடைவாசல் மின்குமிழ்களைச் சுற்றி ஈசல் மொய்க்கும். அந்தக் கூட்டத்துக்குள் சில வேளை விரல் நீள வண்டொன்று பறந்து வந்து, சுவரில் மோதித் தொப்பென்று விழும். சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடல். அந்த உடலையும் மிஞ்சிப் பின்னோக்கி வளைந்த இரண்டு நீண்ட கொம்புகள். கையில் எடுத்தால் கிரீச் கிரீச்சென்று சத்தமிடும். ‘தென்னங் கருவண்டு’ என்று சொல்லிக் காலால் நசுக்கிவிடுபவர்களும் உண்டு.

அது கருவண்டு அல்ல. கருவண்டுக்கு இருப்பது தலையில் முளைத்த தடித்த ஒற்றைக் கொம்பு. இதற்கு இருப்பவை உணர்கொம்புகள். மணம் பிடிப்பதும் துணை தேடுவதும் அவற்றால்தான். சத்தமும் வாயிலிருந்து வருவதில்லை. கழுத்தை ஒட்டிய கவசத்தின் பின்விளிம்பை, அதன் அடியில் வரிவரியாக உள்ள தகட்டில் உரசி எழுப்பும் ஒலி அது.

இது ஒரு நீள்கொம்பு வண்டு. அந்தப் பெயர் செரம்பிசிடே என்னும் பெரிய குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. உலகில் இதுவரை 35,000க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்துக்குள் பெயர் பெற்றுள்ளன. வண்டாகப் பறந்து திரிவது சில வாரங்களோ சில மாதங்களோதான். அதற்கு முந்திய நீண்ட வாழ்வு முழுவதும் புழுவாக, மரத்துக்குள்ளோ வேருக்குள்ளோ கழிகிறது. பெரும்பாலான இனங்கள் பட்டுப்போன மரத்தையே தின்கின்றன. விழுந்த மரம் காட்டு மண்ணோடு சேர்வதற்கு அவை செய்யும் வேலை பெரிது. உயிருள்ள மரத்தைத் துளைத்துச் சாகடிப்பவை மிகச் சில. எது எந்த வகை என்று தெரியாமல் கண்டதையெல்லாம் நசுக்கினால் மாமரமும் தப்பாது, காடும் செழிக்காது.

மின்குமிழடியில் விழுந்த வண்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்போம். கவசத்தின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் பிறைபோல இரண்டு புள்ளிகள் தெரிகின்றனவா? முதுகை மூடிய கடினமான சிறகுறைகள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக ஒரு சிறு தகடு இருக்கிறதா? சிறகுறைகளின் மேல்முனையில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலப் பளபளக்கும் கறுப்புக் குருணைகள் தட்டுப்படுகின்றனவா? கவசத்தின் இரு பக்கமும் கூரான முள் நீட்டிக்கொண்டிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், கையில் இருப்பது பெரும்பாலும் பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா. மாமரத்தின் தண்டைத் துளைக்கும் வண்டு இதுதான். பலா, அத்தி வகைகளையும் விடாது. இதன் புழு பத்து சென்ரிமீற்றர் நீளம்வரை வளரும்.

‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டோசெரா ரூபஸ் என்னும் நெருங்கிய உறவுக்கும் கவசத்தில் சிவந்த புள்ளிகள் உண்டு. போதாததற்கு ஒரே இனத்துக்குள்ளும் சிறகுறைப் புள்ளிகள் வண்டுக்கு வண்டு மாறும். ஆணின் கொம்பு நீளம், பெண்ணின் கொம்பு குட்டை. உண்டு வளர்ந்த மரம் நல்லதாக இருந்தால் வண்டு பெரிது. இல்லாவிட்டால் அதே இனத்தில் பாதியளவு. ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமென்று எண்ணி இரண்டு பெயர் வைத்த கதைகள் வண்டியல் வரலாற்றில் ஏராளம்.

அதனால் ஆய்வாளர்கள் நிறத்தை நம்பித் தொடங்குவதில்லை. முதலில் கண். பெரும்பாலான நீள்கொம்பு வண்டுகளின் கண் சிறுநீரகம்போல உட்குழிந்திருக்கும். அந்தக் குழிவை ஒட்டியே உணர்கொம்பு முளைக்கும். அடுத்தது கால். பாதத்தில் நான்கு கணுக்கள்தான் கண்ணுக்குப் படும். உண்மையில் இருப்பவை ஐந்து; நான்காவது மிகச் சிறிதாகி இடையில் ஒளிந்திருக்கும். பிறகு முகம். முகம் செங்குத்தாகக் கீழ்நோக்கி, வாயருகே உள்ள உணர்விரல்களின் கடைசிக் கணு கூராக முடிந்தால் அது லாமியினே துணைக் குடும்பம். முகம் முன்னோக்கிச் சரிந்து, அந்தக் கணு வெட்டியதுபோல் மொட்டையாக முடிந்தால் செரம்பிசினே. உடல் பருத்து, கவசத்தின் ஓரம் பல்பல்லாக இருந்தால் பிரியோனினே. இப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கழித்துக்கொண்டே போனால் குடும்பம், துணைக் குடும்பம், பேரினம், இனம் என்று வண்டு தன் இடத்துக்கு வந்து சேரும். மிக நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை அறுத்து நுண்பெருக்கியில் பார்ப்பார்கள். இன்று மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்தும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஒப்பிடுவதற்கு முன்பே சரியாகப் பெயரிட்ட ஒரு வண்டு எங்காவது இருந்தாக வேண்டும்.

பெயரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கஜு என்று நாம் சொல்லும் மரமுந்திரிகையின் அடித்தண்டையும் வேரையும் துளைக்கும் செம்பழுப்பு வண்டு நல்ல உதாரணம். மரத்தின் அடியில் பிசினும் மரத்தூளும் கசியும், இலை மஞ்சளாகும், மரம் பட்டுப்போகும். 1758இல் லின்னேயஸ் இந்த வண்டைச் செரம்பிக்ஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். அன்று அறியப்பட்ட நீள்கொம்பு வண்டுகளில் பலவற்றை அவர் அந்த ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் இதைப் பிளோசிடெரஸுக்கு மாற்றினார்கள். 1991இல் பிறந்த நியோபிளோசிடெரஸ் என்னும் புதிய பேரினத்தில் இன்று இருக்கிறது. பேரினம் மாறினாலும் ஃபெருஜினியஸ் என்ற இரண்டாம் பெயர் 1758இலிருந்து அப்படியே தொடர்கிறது. அறிவியல் நூல்களில் பெயரின் பின்னால் லின்னேயஸ், 1758 என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து வண்டு இடம் மாறிவிட்டது என்று பொருள்.

சரியாக இனங்காண்பது ஏன் வீண்வேலை அல்ல என்பதை அவுஸ்திரேலிய வண்டுகள் இரண்டு காட்டுகின்றன. 1770இல் கப்டன் குக்கின் கப்பலில் போன ஜோசப் பாங்ஸ் அந்தக் கண்டத்திலிருந்து பூச்சிகளைச் சேர்த்து இலண்டனுக்குக் கொண்டுவந்தார். லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ் அவற்றை ஆராய்ந்து 1775இல் நூலாக்கினார். அதில் ஒன்றுதான் இன்று ஃபொராகாந்தா செமிபங்டாட்டா எனப்படும் யூகலிப்டஸ் துளைப்பான். யூகலிப்டஸ் நட்ட இடங்களுக்கெல்லாம் வெட்டு மரத்தோடு அதுவும் பின்தொடர்ந்தது. 1984இல் கலிபோர்னியாவில் அகப்பட்டது. அதன் முட்டைக்குள் தன் முட்டையை இடும் அவெட்டியனெல்லா லோங்கோய் என்னும் மிகச் சிறிய குளவியை அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். வண்டின் தொகை நன்றாகக் குறைந்தது.

பிறகு 1995இல் அதே கலிபோர்னியாவில் ஃபொராகாந்தா ரெகுர்வா வந்து இறங்கியது. பார்வைக்கு முந்தியதைப் போலத்தான். ஆனால் முந்தியதன் சிறகுறையில் கரும்பழுப்பு மிகுதி, நடுவில் வெளிர்மஞ்சள் பட்டை. இதிலோ வெளிர்மஞ்சள் மிகுதி, உணர்கொம்பின் அடிப்பக்கத்தில் பொன்னிற மயிர் அடர்ந்திருக்கும். இந்த இரண்டாவது வண்டின் முட்டை, உள்ளே வைக்கப்பட்ட குளவி முட்டையைச் சுற்றி உறைபோட்டுக் கொன்றுவிடுகிறது. ஒன்றை அடக்கிய குளவி மற்றதிடம் அவ்வளவாக எடுபடவில்லை. பொன்னிற மயிரைக் கவனியாதவருக்கு, நன்றாக வேலை செய்த குளவி திடீரென்று ஏன் தோற்றது என்பது விளங்காது.

திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. மரப்பெட்டிக்குள்ளும் சரக்குத் தட்டுப் பலகைக்குள்ளும் புழு உயிரோடு பயணம் செய்யும். 1996இல் நியூயோர்க்கின் புரூக்லின் பகுதியில் தெருவோர மேப்பிள் மரங்கள் துளைத் துளையாகக் கிடந்தன. பிடித்துப் பார்த்தபோது அது சீனாவிலும் கொரியாவிலும் வாழும் அனோபிளோஃபோரா கிளாப்ரிபென்னிஸ் என்று தெரிந்தது. அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்தது. இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் 2002இல் பன்னாட்டு விதியொன்று பிறந்தது: ஏற்றுமதிப் பொதிகளின் மரத்தை அதன் நடுப்பகுதியும் 56 பாகை சூடாகும்படி 30 நிமிடம் வைக்க வேண்டும், அல்லது புகையூட்ட வேண்டும். கோதுமைக் கதிர் முத்திரை குத்திய பலகைகள் அந்த விதியை நிறைவேற்றியவை.

வெளியிலிருந்து வந்த வண்டு எது என்று சொல்ல, உள்ளூர் வண்டுகள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் குறை இங்கேதான் இருக்கிறது.

1850களின் இறுதியில் பிரான்சிஸ் வாக்கர் இலண்டனில் இருந்தபடியே இலங்கைப் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். 1890களின் தொடக்கத்தில் இராணுவ அதிகாரி யெர்பரி திருகோணமலையில் ஏராளமான பூச்சிகளைச் சேர்த்தார். அவையும் இலண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1906இல் அதே அருங்காட்சியகத்தின் சார்ல்ஸ் ஜோசப் கஹான் இந்தியா, இலங்கை, பர்மாவின் நீள்கொம்பு வண்டுகளைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது. ஆனால் அதில் லாமியினே இல்லை. அதைத் தொடர்ந்து லாமியினேக்கான நூல் வெளிவரவேயில்லை. உலக நீள்கொம்பு வண்டுகளில் பாதிக்கு மேல் லாமியினேதான். நம் மாமரத்துப் பட்டோசெராவும் அதற்குள்தான் வருகிறது.

பின்னாளில் ஆஸ்திரியரான ஸ்டீபன் வான் பிராய்னிங் லாமியினேக்களுக்கு 7,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தந்தார். அவை பல மொழிகளில், பல இதழ்களில், சுருக்கமான விளக்கங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இலங்கை முழுவதும் பூச்சி சேர்த்தது. 1970களில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் கிரோம்பைன் தலைமையிலான குழு சீனன்குடாவில் தங்கிப் பிடித்த பூச்சிகளின் சீட்டுகளில் திருகோணமலையின் பெயர் இருக்கிறது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் வடக்கு, கிழக்குக் காடுகளில் வலையோடு நடமாட வழியில்லை. 2008இல் யப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து இலங்கையின் நீள்கொம்பு வண்டுகளுக்கு ஒரு பட்டியலின் முதற் பகுதியை வெளியிட்டார்கள். பயனுள்ள வேலை. ஆனால் அந்த முதற் பகுதியும் லாமியினேயை விட்டுவிட்டே வந்தது.

அவுஸ்திரேலியாவில் சுமார் 1,400 நீள்கொம்பு இனங்கள் உண்டு. அவற்றைப் பற்றிய பெருநூலை 2013இல் தொடங்கிய ஸ்லிபின்ஸ்கியும் எஸ்கலோனாவும் முதல் தொகுதியிலேயே லாமியினேயை எடுத்துக்கொண்டார்கள். படங்களோடு, பேரினத்தைப் பிரித்தறியும் கேள்வி வரிசைகளோடு அது கிடைக்கிறது. புல்மோட்டையில் ஒரு லாமியினே விழுந்தால் அப்படித் திறந்து பார்க்க நமக்கு ஒரு புத்தகம் இல்லை.

புல்மோட்டை என்றதும் நாட்டுக்கு நினைவு வருவது இல்மனைற்று மணல். அந்த மணலின் தாதுக்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, பெயரிடப்பட்டுக் கப்பலேறுகின்றன. கடற்கரையை விட்டு உள்ளே நடந்தால் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வறண்ட காடு. அங்கே விழுந்து கிடக்கும் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் புழு உண்டு. அவற்றின் கணக்கு எங்கும் இல்லை.

அதைத் தொடங்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஆய்வுக்காகக் காட்டில் பூச்சி பிடிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்; மின்குமிழடியில் படமெடுக்கக் கைத்தொலைபேசி போதும். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவு தெரிய அருகில் ஓர் அடிமட்டம். கொம்பின் கணுக்கள் கடைசிவரை தெரிய வேண்டும். மரத்திலிருந்து வெளிவந்திருந்தால் அது என்ன மரம் என்பதை ஊர்ப்பெயராலேனும் எழுதிக்கொள்ள வேண்டும். மாமரமா, முந்திரிகையா, பாலையா என்ற ஒரு சொல் சில வேளை நுண்பெருக்கி காட்டாததைக் காட்டிவிடும்.

அருங்காட்சியகங்களில் ஊசி குத்திய ஒவ்வொரு வண்டின் கீழும் இரண்டு சீட்டுகள் இருக்கும். மேலுள்ளது கண்ட இடமும் நாளும், அடியிலுள்ளது பெயர். அடிச்சீட்டை எழுத நிபுணர் வரவேண்டும். அதற்குப் பத்து ஆண்டுகளும் ஆகலாம், நூறும் ஆகலாம். மேற்சீட்டை அன்றிரவே அங்கு நிற்பவர்தான் எழுத முடியும்: இலங்கை, திருகோணமலை மாவட்டம், புல்மோட்டை, கடைவாசல் மின்குமிழ், முதல் மழைக்கு அடுத்த இரவு.