வீட்டு ஒலிப்பதிவு: கணினியின் தாமதமும் இயக்கியின் தெரிவும்

பாடலொன்றை ஒலிப்பதிவு செய்வதற்காகக் கலையகத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்த காலம் மலையேறிவிட்டது. கணினி, ஒலிவாங்கி, ஹெட்போன் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டின் ஓர் அறையே கலையகமாகிவிடுகின்றது. ஆயினும், இம்முயற்சியில் இறங்கும் இளைஞர் பலர் முதல் நாளிலேயே மனமுடைந்து போகின்றனர். தாம் பாடும் குரல் சற்றுப் பிந்தியே ஹெட்போனில் கேட்பதால் அவர்களது தாளம் தடுமாறுகின்றது. சிலர் தமக்குத் தாளஞானம் இல்லையென நொந்துகொள்கின்றனர். வேறு சிலர் கணினி பழுதென எண்ணிக் கடன்பட்டுப் புதிய கணினியைக் கொள்வனவு செய்கின்றனர். பெரும்பாலான வேளைகளில் காரணம் இவ்விரண்டுமன்று. ஒலி எந்த வழியாகக் கணினிக்குள் சென்று வெளிவருகின்றது என்பதைத் தீர்மானிக்கும் இயக்கி மென்பொருளின் தெரிவிலேயே பிரச்சினை தங்கியுள்ளது. ட்ரைவர் எனப் பொதுவாக வழங்கப்படுவது இதுவேயாகும்.

கணினி ஒலியை இடையறாத ஓட்டமாகக் கையாள்வதில்லை. ஒரு செக்கனில் 44,100 மாதிரிகளாக ஒலியை அளந்து, அவற்றைச் சிறு சிறு தொகுதிகளாகச் சேர்த்தே முன்னே அனுப்புகின்றது. பஃபர் எனப்படும் இத்தொகுதி நிரம்பும் வரை அடுத்த வேலை தொடங்குவதில்லை. 256 மாதிரிகள் கொண்ட தொகுதி நிரம்புவதற்கு ஏறத்தாழ 5.8 மில்லி செக்கன்களும், 1,024 மாதிரிகள் கொண்ட தொகுதி நிரம்புவதற்கு ஏறத்தாழ 23 மில்லி செக்கன்களும் தேவை. உள்ளே வரும்போது ஒருமுறையும் வெளியே செல்லும்போது இன்னொரு முறையும் இத்தாமதம் ஏற்படுகின்றது. காற்றில் ஒலி 10 மில்லி செக்கன்களில் சுமார் 3.4 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே அந்த அளவு தாமதம், பக்கவாத்தியக்காரர் சற்றுத் தள்ளி அமர்ந்திருப்பதற்கு ஒப்பானது. அதனைச் சமாளிக்கலாம். 100 மில்லி செக்கன்களை எட்டும் தாமதத்துடன் பாடுவது எவருக்கும் கடினமே.

விண்டோஸ் கணினியில் ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தால் பல இயக்கி வகைகளின் பெயர்கள் காணப்படும். அவற்றுள் எம்.எம்.ஈ. என்பது 1991ஆம் ஆண்டளவில் அறிமுகமானது. ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இயங்கும் என்பது இதன் சிறப்பு. தாமதம் மிகுதி என்பது குறை. 1995இல் வந்த டிரெக்ட் சவுண்ட் முதன்மையாக விளையாட்டு மென்பொருள்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டதாகும். 2007இல் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுடன் வசாபி அறிமுகமாயிற்று. இது இரு முறைகளில் இயங்கும். பகிர்வு முறையில் ஏனைய மென்பொருள்களின் ஒலியுடன் கலந்தே நமது ஒலியும் செல்லும். தனியுரிமை முறையில் அக்கலவை தவிர்க்கப்படுவதால் தாமதம் குறையும்.

இவற்றினின்றும் வேறுபட்டது ஏ.எஸ்.ஐ.ஓ. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பேர்க் நிறுவனம் இதனை 1997இல் வெளியிட்டது. விண்டோஸின் ஒலிக்கலவைப் பகுதியை ஒதுக்கிவிட்டு, ஒலிப்பதிவு மென்பொருளையும் ஒலிக்கருவியையும் நேரடியாக இணைப்பதே இதன் நோக்கம். ஓடியோ இன்டர்பேஸ் எனப்படும் ஒலி இணைப்புக் கருவியை வைத்திருப்போர், அதனைத் தயாரித்த நிறுவனமே வழங்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. இயக்கியை நிறுவிக்கொள்வது மிகச் சிறந்தது. அவ்வாறான இயக்கி இல்லாத கருவிகளுக்கு ஏ.எஸ்.ஐ.ஓ. ஃபோர் ஓல் என்னும் இலவச மென்பொருள் கைகொடுக்கும். எனினும் அது இயங்கும்போது ஏனைய மென்பொருள்களின் ஒலி கேட்காது போகலாம். அதனைப் பழுதென எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அப்பிள் கணினிகளில் கோர் ஓடியோ என்ற அமைப்பு உள்ளேயே இருப்பதால் இந்தத் தெரிவுச் சிக்கல் அங்கு பெரிதாக எழுவதில்லை.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஏ.எஸ்.ஐ.ஓ.வைத் தெரிவு செய்தால் குரல் இனிமையாகப் பதிவாகும் என்பது சரியன்று. அது குறைப்பது தாமதத்தை மட்டுமே. ஒலியின் தரம் ஒலிவாங்கியிலும், அறையின் எதிரொலியிலும், பாடுபவரின் பயிற்சியிலுமே பெரிதும் தங்கியுள்ளது.

எனவே தேவையை அறிந்தே தெரிவு அமைய வேண்டும். விசைப்பலகையைக் கணினியுடன் இணைத்து மென்பொருளின் வாத்திய ஒலியை இசைப்போருக்கும், தமது குரலைக் கணினி வழியாகவே கேட்டுக்கொண்டு பாடுவோருக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. இன்றியமையாதது எனலாம். அவர்கள் 256 மாதிரிகளில் தொடங்கி, தேவைக்கேற்பக் குறைத்துச் செல்லலாம். பொரிவது போன்ற ஒலி இடையிடையே கேட்டால், கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது பொருள். அப்போது ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கியின் ஒலியைக் கணினிக்குள் செல்லுமுன்னரே ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி பல இணைப்புக் கருவிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் தமது குரலைத் தாமதமின்றியே கேட்கலாம்.

மறுபுறம், யூ.எஸ்.பி. ஒலிவாங்கியில் பதிந்துகொண்டு கணினியின் சொந்த ஒலி அட்டையில் கேட்பதைக் கூடியவரை தவிர்ப்பது நன்று. இரு கருவிகளின் கடிகாரங்களும் முழுமையாக ஒத்துப்போவதில்லையாதலால், நீண்ட பதிவுகளில் குரலும் இசையும் சிறிது சிறிதாக விலகிச் செல்லக்கூடும். ஹெட்போன் செருகும் வசதி ஒலிவாங்கியிலேயே இருப்பின் அதனையே பயன்படுத்துதல் வேண்டும்.

உரை, கிராஅத், தனிக்குரற் பாடல் ஆகியவற்றைப் பதிவு செய்வோருக்குத் தாமதம் ஒரு பொருட்டேயன்று. வடமோடிக் கூத்துப் பாடல்களை நினைவில் வைத்திருக்கும் முதிய அண்ணாவியார் ஒருவரையோ, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைப் பாடும் மூதாட்டி ஒருவரையோ பதிவு செய்யும் வாய்ப்பு மீண்டும் கிட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அத்தகைய வேளையில் சாதாரண இயக்கியும் பெரிய தொகுதி அளவுமே பாதுகாப்பானவை. ஒலி துண்டிக்கப்படாது முழுமையாகப் பதிவாவதே அங்கு முதன்மையானது.

புதிய கருவிகளுக்குப் பணம் செலவிடுமுன், இருக்கும் கணினியில் இயக்கி அமைப்பைத் திறந்து ஒருமுறை மாற்றிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். அச்சில நிமிடங்களைச் செலவிடாமையினால் ஒரு பாடகர் தமது ஆற்றலையே ஐயுற்றுப் பாடுவதைக் கைவிடுவாராயின், அந்த இழப்பை எந்தப் புதிய கணினியாலும் ஈடுசெய்ய முடியாது.