மாடியில் விளையும் மண்

மும்பையில் மொட்டைமாடித் தோட்டம் போடுகிறவர்கள் செடிக்கு முன்பாக மண்ணை வளர்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவை ஐந்து மாதப் பொறுமையும் ஊர் ஒதுக்கிய குப்பையும்.

மும்பைத் துறைமுகத்தின் விக்டோரியா டாக் அருகே இருந்த மையச் சமையற்கூடத்தில் தினமும் சுமார் 3,000 ஊழியர்களுக்குச் சாப்பாடு தயாரானது. காய்கறித் தோல், கீரைத் தண்டு, மிச்சம் மீதி என்று சேர்ந்த கழிவெல்லாம் வழக்கம்போலக் குப்பை வண்டிக்குக் காத்திருந்தது. அங்கே கேட்டரிங் அதிகாரியாக இருந்த பிரீத்தி பாட்டில், 2002இல் அந்தக் கழிவைக் கீழே அனுப்பாமல் மேலே ஏற்றினார். சமையற்கூடத்தின் 3,000 சதுர அடி மொட்டைமாடி தோட்டமானது. வேலை முடிந்த ஊழியர்களே அதைக் கவனித்துக்கொண்டார்கள். சுமார் 150 செடிகள் வளர்ந்தன. சமையற்கூடக் கழிவில் 90 சதவீதம் மாடியிலேயே செரித்துப்போனது.

பார்க்க வருகிறவர்களின் கண் காய்களிலும் கனிகளிலும்தான் நிற்கும். ஆனால் அந்த மாடியின் முக்கிய விளைச்சல் செடிகளுக்குக் கீழே இருந்தது. அது மண்.

மும்பை போன்ற நகரத்தில் மண்ணுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். எந்த நர்சரியிலும் மூட்டை மூட்டையாகச் செம்மண் கிடைக்கிறது. அதைத் தொட்டியில் கொட்டிச் செடி நட்டவர்களுக்குத்தான் சங்கடம் தெரியும். முதல் சில மாதம் செடி செழிக்கும். பிறகு மண் இறுகும். ஊற்றிய தண்ணீர் மேலேயே குளம் கட்டும், அல்லது தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடிவிடும். ஜூனில் மழை தொடங்கினால் வேர் அழுகும்.

தவறு மண்ணுடையதல்ல. வயலில் மழைநீர் அடுக்கடுக்காகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. தொட்டியில் அதற்கு அடி உண்டு. பொடி மண்ணாக இருந்தால் துளை இருந்தும் அடிப்பகுதியில் தண்ணீர் தொங்கிக்கொண்டே நிற்கும். அங்கே வேருக்குக் காற்று கிடைக்காது. வயலில் மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும் மண்புழுவும் தொட்டிக்குத் தானாக வந்து சேராது. ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் நான்கே மாதங்களில் மழை கொட்டும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

இன்னொரு பிரச்சினை எடை. மக்கள் நடமாடும் மொட்டைமாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்கிறது இந்தியக் கட்டடத் தர விதி. ஈரமான சாதாரண மண்ணை ஓரடி உயரத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஆகிவிடும். இலை மட்கு மிகுந்த மண்ணுக்கு ஏறக்குறைய பாதி எடைதான். அதையும் அரையடிக்கு மேல் பரப்பாமல், சுவரோரமாகவும் உத்தரங்களின் மேலாகவும் பாத்தி அமைத்து, நடுவில் நடைபாதை விடுவதே புத்திசாலித்தனம். பழைய கட்டடம் என்றால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

ஆக, மாடிக்குத் தேவையானது எடை குறைந்த, நீர் வடிகிற, ஆனால் ஈரத்தைக் கைவிடாத மண். தோண்டி எடுத்துவர அப்படி ஒரு மண் எங்கும் இல்லை. செய்துகொள்ளத்தான் வேண்டும்.

கணக்கு வாத்தியாரின் மண்

இந்த வித்தைக்கு மகாராஷ்டிரத்திலேயே ஒரு பாரம்பரியம் உண்டு. கோலாப்பூரைச் சேர்ந்த ஸ்ரீபாத் தபோல்கர் கணிதம் கற்பித்தவர். விவசாயிகள் தாங்களே பரிசோதனை செய்து, கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் 'பிரயோக் பரிவார்' என்ற வலையத்தை உருவாக்கினார். திராட்சை விவசாயிகள் பலர் அதில் இருந்தார்கள். கொஞ்சம் இடம், கொஞ்சம் தண்ணீர், நிறைய சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டு ஒரு குடும்பம் எவ்வளவு விளைவிக்க முடியும் என்பதே அவர் போட்ட கணக்கு. அவர் வழியில் வந்த தீபக் சுச்டே, மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையோரம் பஜ்வாடா கிராமத்தில் இதை ஒரு முறையாக வகுத்தார். பெயர் 'அம்ருத் மிட்டி'. அமுத மண் என்று சொல்லலாம். மும்பை மாடிகளுக்கு வந்து சேர்ந்தது இந்த மண்தான்.

முதல் வேலை 'அம்ருத் ஜல்'. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ புதுச் சாணம், 1 லிட்டர் கோமியம், 50 கிராம் வெல்லம் கரைத்து மூன்று நாள் வைக்க வேண்டும். தினம் மூன்று வேளை கலக்கிவிட வேண்டும். நான்காம் நாள் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தால் தயார். பஞ்சகவ்யம் பழகிய தமிழக விவசாயிக்கு இது புதிதாகத் தோன்றாது. சாணத்திலுள்ள நுண்ணுயிர்களுக்கு வெல்லம் தீனி. கலக்குவது காற்றோட்டத்துக்கு. வலப்பக்கம் இத்தனை சுற்று, இடப்பக்கம் இத்தனை சுற்று என்று எண்ணிக் கலக்குகிறவர்கள் உண்டு. எண்ணாமல் கலக்கினாலும் காற்று புகத்தான் செய்யும்.

அடுத்து, காய்ந்த இலைகளையும் சருகுகளையும் நொறுக்கி அந்த நீரில் ஒரு நாள் ஊறவைக்கிறார்கள். ஊறிய சருகு ஓர் அடுக்கு, அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாக மண் தூவி, மீண்டும் சருகு என்று ஓரடி உயரக் குவியல் எழுப்புகிறார்கள். மண் இங்கே உறை மோர் மாதிரி, கொஞ்சம் போதும். ஈரம் காயாமல் மூடிவைத்து, அவ்வப்போது புரட்டிக் கொடுத்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு சருகு கறுத்து உதிரத் தொடங்கும்.

பெரும்பாலான மட்கு உரக் குறிப்புகள் இத்துடன் முடிந்துவிடும். அமுத மண்ணின் பாதிக் கதை இனிமேல்தான். குவியலின் மேல் பலவகை விதைகளைக் கலந்து விதைக்கிறார்கள். அறுசுவைக்கும் ஆள் வேண்டும் என்பது சுச்டே வகுத்த முறை. வெந்தயம், கடுகு, மிளகாய், புளிச்சகீரை, பயறு வகைகள் என்று பட்டியல் நீளும். 21ஆம் நாளும் 42ஆம் நாளும் நுனியைக் கிள்ளிக் குவியலிலேயே போடுகிறார்கள். 63ஆம் நாள் மொத்தமாக அறுத்து, வாடவிட்டு, கலந்து, மீண்டும் ஒரு மாதம் விடுகிறார்கள்.

அறுசுவை என்ற பெயரைக் கேட்டுப் புன்னகைக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது நல்ல வேளாண்மை. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. பல ஆழத்தில் ஓடும் வேர்கள் குவியலுக்குள் துளையிட்டு, பிறகு அங்கேயே மட்கி, காற்றுக்கும் நீருக்கும் வழி விடுகின்றன. இளந்தளிர் நைட்ரஜன் தருகிறது, முற்றிய தண்டு மண்ணுக்கு உடல் தருகிறது. மொத்தம் ஐந்து மாதத்தை நெருங்கும்போது கிடைப்பது கறுப்பாக, லேசாக, முதல் மழை வாசனையோடு ஒரு மண். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உடைய வேண்டும். ஒரு சிட்டிகை கடுகைத் தூவிப் பார்ப்பது கடைசிச் சோதனை. சீராக முளைத்தால் மண் தயார். முளை கருகினால் இன்னும் வேகவில்லை.

பால்கனிக்கு ஒரு வழி

சாணமும் கோமியமும் அடுக்குமாடி ஐந்தாவது தளத்துக்கு எப்படி வரும்? ஆரே காலனி மாட்டுக் கொட்டகைகளின் பக்கத்தில் வசிப்பவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் பக்கவாட்டில் துளையிட்ட ஒரு பழைய டிரம்மை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பங்கு சமையல் கழிவு, இரண்டு பங்கு காய்ந்த இலை, நடுநடுவே பழைய மட்கு ஒரு பிடி. நாற்றம் எடுத்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் சருகு போட்டுக் கிளறினால் அடங்கும். மட்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மட்கு தயார். இதோடு கொஞ்சம் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்தால் தொட்டி மண் ஆகிவிடும்.

நார்க்கழிவில் ஒரு எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிகளாக வரும் இது தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுவது அவசியம். அதில் சத்து ஏறக்குறைய இல்லை என்பதால் மட்குக்கு அது மாற்றாகாது.

எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. மாடி கட்டடத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் பொது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் பழி தோட்டத்தின் மேல் விழும். எலி வருமோ, கொசு வருமோ என்ற பயம் சங்கக் கூட்டங்களில் எழும். ஆர்வத்தோடு தொடங்கியவர் வீடு மாறினால் குவியலைப் புரட்ட ஆளிருக்காது.

இருந்தும் முயல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அது செம்பூர்த் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். அருகிலிருக்கும் தேவனார் குப்பைமேட்டில் 1927 முதல் நகரம் குப்பை கொட்டிவந்தது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகை சூழ்ந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. எரிந்தது நகரத்துக் குப்பை. அதில் பெரும்பகுதி, பிரித்து வைத்திருந்தால் மட்கியிருக்கக்கூடிய ஈரக்கழிவு. மறு ஆண்டே மும்பை மாநகராட்சி, நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் குடியிருப்புகள் ஈரக்கழிவைத் தங்கள் வளாகத்திலேயே மட்கவைக்க வேண்டும் என்றது. கேட்டவர்கள் உண்டு, கேட்காதவர்களும் உண்டு.

துறைமுகச் சமையற்கூடம் இதைச் சட்டம் சொல்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியது. அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தோலைத் தனியாகவும் காகிதத்தைத் தனியாகவும் போடுகிற பழக்கமும், தினம் ஒரு தடவை மாடியேறுகிற ஆளும்தான் வேண்டியிருந்தது.

ஜனவரியிலிருந்தே மும்பைத் தெருமரங்கள் இலை உதிர்க்கத் தொடங்குகின்றன. பெருக்கிய சருகு மூலையில் குவிந்து, சில இடங்களில் சட்டத்தை மீறிக் கொளுத்தவும் படுகிறது. அதில் நாலு மூட்டையை அள்ளி மாடிக்குக் கொண்டுபோனால் ஜூனில் மண் தயாராக இருக்கும். முதல் மழையும் வெண்டைக்காய் விதைக்கும் பருவமும் அப்போதுதான்.