இறங்குவதற்கே ஏற வேண்டிய பள்ளத்தாக்கு

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி, பெயரளவில் பள்ளத்தாக்கே ஆயினும், அதன் தலைமை ஊரான காசா கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே அமைந்துள்ளது. வாகனம், ஓட்டுநர், வழிகாட்டி, தங்குமிடம், உணவு ஆகிய யாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கி விற்கப்படும் சுற்றுலாக்களில் அங்குச் செல்வோர், பாறையை அரிந்து போடப்பட்ட குறுகிய சாலைகளைக் கண்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் அபாயம், எந்த இரவு எந்த ஊரில் தங்குவது என்று குறிக்கும் பயணத்திட்டத்திலேயே பொதிந்திருக்கிறது.

ஸ்பிதிக்குள் நுழைய இரண்டு சாலைகள் உள்ளன. சிம்லாவிலிருந்து கின்னூர் வழியாகச் செல்லும் சாலை கல்பா, நாக்கோ, தாபோ ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்வதால், பயணி பல இரவுகளில் படிப்படியாக உயரத்துக்குப் பழக முடிகிறது. ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியிலிருந்து செல்லும் சாலையோ, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையால் மேலும் சுருங்கி, 4,551 மீட்டர் உயரக் குன்சும் கணவாயைக் கடந்து ஒரே பகலில் காசாவில் கொண்டுபோய் விடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் ஓய்வுநாள் வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. மணாலியில் உறங்கி எழுந்தவர் மறுநாள் இரவே காசாவில் உறங்கினால், ஒரே நாளில் 1,500 மீட்டருக்கும் மேல் ஏறியவர் ஆகிறார். ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்காக இந்த வழியை முதலில் வைக்கும் திட்டம், மலிவானதாயினும், நல்ல திட்டம் ஆகாது.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றே. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. காசாவில் அது கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. உடல் இதற்குப் பழகுமுன் தோன்றும் தலைவலி, குமட்டல், தளர்ச்சி, தலைச்சுற்றல் ஆகியவற்றின் தொகுதியே உயர நோய் எனப்படுகிறது. அது முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து ஓய்விலும் மூச்சு வாங்கலாம். மூளையில் வீக்கம் ஏற்பட்டு நடை தள்ளாடி, பேச்சுக் குழறலாம். இவ்விரண்டு நிலைகளும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடியவை. அசிட்டசோலமைடு என்னும் தடுப்பு மாத்திரையை மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் கைக்கடக்கமான ஆக்சிஜன் குப்பி சில நிமிடங்களுக்கே வரும். அதை நம்பி மேலும் ஏறுவது ஆபத்தை வளர்ப்பதாகும்.

உயர நோய்க்கு உறுதியான மருத்துவம் கீழே இறங்குவதே. இங்குதான் இத்தகைய உயரப் பள்ளத்தாக்குகளின் அமைப்பு பயணிக்கு எதிராக நிற்கிறது. காசாவிலிருந்து மணாலிப் பக்கம் இறங்க வேண்டியவர் முதலில் குன்சும் கணவாய்க்கு ஏறியாக வேண்டும். கின்னூர்ப் பக்கச் சாலையும் சற்றே இறங்கி, நாக்கோவை நோக்கி மீண்டும் ஏறி, அதன் பின்னரே சத்லஜ் ஆற்றின் ஆழத்துக்கு இறங்குகிறது. லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கிலிருந்து லே நகருக்குத் திரும்புவோரும் வழக்கமான சாலையில் 5,359 மீட்டர் உயரக் கார்துங் கணவாயைக் கடக்க வேண்டும். நோய் வந்தபின் தப்பிக்கும் வழி இவ்வளவு கடினமாக இருப்பதால், நோய் வராமல் காப்பதற்கான பயணத்திட்டமே இங்கு முதன்மையான பாதுகாப்புக் கருவி ஆகிறது.

இந்தப் புவியியல் உண்மைக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக் குறைபாடு என்பதை வரையறுக்கையில், தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதனுள் சேர்க்கிறது. ஆகவே, பணம் செலுத்துமுன் ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரின் உயரம், வாகனத்தில் ஆக்சிஜன் உருளை உண்டா என்பது, நோயுற்றவரை இறக்கிச் செல்ல வாகனமும் செலவும் யார் பொறுப்பு என்பது ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது பயணியின் உரிமை. மறுக்கும் நிறுவனத்திடம் முன்பணம் கொடுக்காமல் விலகுவதே நல்லது. இமாசலத்தில் பயண முகவர்களும் வழிகாட்டிகளும் 2002ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவு எண்ணையும் கேட்கலாம். வாடகைக்கு ஓடும் வண்டியின் எண்பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துகளைக் கொண்டிருக்கும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது வழி திறக்கும்.

சாலையின் அபாயமும் மெய்யானதே. 2021 ஜூலையில் கின்னூரின் பட்சேரி அருகே மலையிலிருந்து உருண்ட பாறைகள் சுற்றுலா வண்டியின் மீது விழுந்து 9 பேர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில், கோடையின் நடுவிலேயே பனி பொழிந்து, சந்திரதால் ஏரியருகே கூடாரங்களில் 250க்கும் மேற்பட்டோர் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர். இத்தகைய இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது முறையன்று. ஆனால் தங்காத இரவுகளுக்கான பணம் முழுவதையும் அதே காரணத்தைக் காட்டித் தானே வைத்துக்கொள்வது வேறு. எச்சூழலிலும் பணம் திரும்பாது என்னும் ஒருதலைப்பட்சமான விதி நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கப்படலாம். எச்சரிக்கை வந்தபின்னும் ஓட்டுநரை வற்புறுத்தி வண்டியை நகர்த்தும் பயணிகளும் உள்ளனர். நிறுத்துவோம் என்று ஓட்டுநர் சொல்லும்போது அதற்கு உடன்படுவது அனைவரின் உயிருக்கும் காப்பு.

தீங்கு நேர்ந்தபின் முதலில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அது பயன்தராவிடில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிடில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சுற்றுலா நிறுவனம் டெல்லியிலோ மணாலியிலோ இருந்தாலும், மதுரையில் வசிப்பவர் மதுரையிலேயே புகார் அளிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. வண்டி விபத்தில் காயமடைந்தவரும், இறந்தவரின் குடும்பத்தாரும், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவ்வாறே தாம் வசிக்கும் ஊரில் மனு செய்யலாம். அதற்குத் திருத்தப்பட்ட சட்டம் விதிக்கும் கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம். பயணத்திட்டத் தாள், பணம் செலுத்திய ரசீது, வழிகாட்டியுடன் பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகள், காசா மருத்துவமனையில் தந்த சீட்டு, வண்டி எண் தெரியும் புகைப்படம் ஆகியவற்றை ஊர் திரும்பிய அன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆணையமும் தீர்ப்பாயமும் முதலில் கேட்பவை அவையே.